அகன்ற லென்ஸை இரவல் வாங்கும் முன்

ஜொகூரின் கெலாங் பாத்தாவில் ஒரு கல்யாண மண்டபம். தாலி கட்டும் நேரத்தில் மணவறையைச் சுற்றி உறவினர் கூட்டம் நெருக்கியடிக்கிறது. படம் எடுப்பவருக்குக் கிடைப்பது மூன்று மீட்டர் தூரம்தான்; பின்னால் ஓர் அடிகூட நகர முடியாது. அங்கிருந்து எவ்வளவு அகலம் படத்தில் விழும்?

கணக்கு எளிது. கேமரா சென்சாரின் அகலத்தைத் தூரத்தால் பெருக்கி, லென்ஸின் குவியத் தொலைவால் வகுக்க வேண்டும். 36 மி.மீ. அகலமுள்ள ஃபுல் ஃபிரேம் சென்சாரில், 50 மி.மீ. லென்ஸ் இரண்டு மீட்டருக்குச் சற்று மேல் காட்டும், மணமக்களோடு சரி. 24 மி.மீ. லென்ஸில் நாலரை மீட்டர் கிடைக்கும். 16 மி.மீ. லென்ஸ் ஏறக்குறைய 6.75 மீட்டரை அள்ளிவிடும்: இரு வீட்டுப் பெற்றோரும், ஐயரும், அட்சதை தூவ நிற்பவர்களும் ஒரே படத்தில்.

இந்த லென்ஸ் ஆண்டில் சில நாள்தான் தேவைப்படும், விலையோ அதிகம். அதனால் பலரும் நண்பரிடம் இரவல் கேட்கிறார்கள், அல்லது ஜொகூர் பாருவில் வாடகைக்குத் தேடுகிறார்கள். 1998இல் திறக்கப்பட்ட இரண்டாம் பாலத்தைத் தாண்டினால் சிங்கப்பூர். அங்கிருந்து கொண்டுவருவதானால் சுங்க விதிகளை முதலிலேயே கேட்டு வைப்பது நல்லது.

ஏன் இவ்வளவு விலை?

16 மி.மீ. குவியத் தொலைவுள்ள சாதாரண லென்ஸ், சென்சாருக்கு ஏறக்குறைய அதே தூரத்தில் இருந்தாக வேண்டும். ஆனால் எஸ்.எல்.ஆர். கேமராவுக்குள் எழுந்து தாழும் கண்ணாடி ஒன்று உண்டு. அதற்கு இடம் விட, நிக்கான் கேமராவில் லென்ஸ் பொருந்தும் முகப்பு (மவுண்ட்) சென்சாரிலிருந்து 46.5 மி.மீ. தள்ளி இருக்கிறது. இந்த முரண்பாட்டுக்கு விடையாக, பிரான்சின் பியர் ஆன்ஜெனியூ 1950இல் 35 மி.மீ. ரெட்ரோஃபோகஸ் லென்ஸை வெளியிட்டார். முன்னால் ஒளியை விரிக்கும் பெரிய குழிலென்ஸ், பின்னால் அதைக் குவிக்கும் தொகுதி என்ற அந்த அமைப்புதான் எஸ்.எல்.ஆர். அகன்ற லென்ஸ்களுக்கு அடிப்படையானது. கோணம் விரிய விரிய முன்கண்ணாடி பெரிதாகும், உள்ளே கண்ணாடிகளின் எண்ணிக்கை கூடும், விலையும் ஏறும். நிக்கான் 1976இல் கொண்டுவந்த 13 மி.மீ. லென்ஸ் 118 பாகை காட்டியது. எடை ஒரு கிலோவுக்கு மேல். கேட்டவர்களுக்கு மட்டுமே செய்து கொடுத்தார்கள்.

விளிம்பில் ஒளி மங்குவது இன்னொரு தொல்லை. 1900ஆம் ஆண்டின் கோர்ஸ் ஹைப்பர்கான் லென்ஸில் இதற்காக நட்சத்திர வடிவச் சக்கரம் ஒன்று வைத்தார்கள். ரப்பர் குமிழை அமுக்கிக் காற்றடித்தால் அது சுழன்று நடுவில் விழும் ஒளியைக் குறைக்கும். ஓரத்துக்கு ஒளி சேர நேரம் கிடைக்கும்.

ஓரத்தில் யார் நிற்கிறார்?

அகன்ற லென்ஸ் நேர்கோட்டை நேர்கோடாகவே காட்டுவதற்கு ஒரு விலை உண்டு: ஓரத்துப் பொருள் வெளிப்பக்கமாக இழுபடும். 24 மி.மீ. லென்ஸில் பக்க விளிம்பில் நிற்பவரின் முகம் 1.25 மடங்கு நீளும், 16 மி.மீ.இல் ஒன்றரை மடங்கு. எந்தப் பாட்டிக்கும் ஆல்பத்தில் தன் முகத்தை அப்படிப் பார்க்கப் பிடிக்காது. ஓரத்தில் வாழைமரமும் தோரணமும் வரட்டும். மனிதர்களை நடுப்பகுதிக்குள் நிறுத்துங்கள்.

கையில் வாங்கும்போது

முதலில் மவுண்ட். கேனானின் பழைய ஈ.எஃப். லென்ஸ், மவுண்டுக்கும் சென்சாருக்கும் இடையே 44 மி.மீ. தூரத்துக்குச் செய்தது, புதிய ஆர்.எஃப். கேமராவில் அந்தத் தூரம் 20 மி.மீ. மீதி 24 மி.மீ.ஐ ஓர் அடாப்டர் வளையம் நிரப்பிவிடும். ஆனால் புதிய லென்ஸைப் பழைய கேமராவில் மாட்ட வழியில்லை.

அடுத்து, விழுந்து அடிபட்ட லென்ஸா என்று பாருங்கள். சுவரின் நாலு மூலையிலும் செய்தித்தாள் ஒட்டி, கேமராவை நேராக நிறுத்தி, துவாரத்தை முழுக்கத் திறந்து ஒரு படம் எடுங்கள். நாலு மூலை எழுத்தும் ஒரேபோல் லேசாக மங்கினால் அது லென்ஸின் இயல்பு. ஒரு மூலை மட்டும் கலங்கினால் உள்ளே கண்ணாடி அச்சு விலகியிருக்கலாம். இந்தச் சோதனையை விழாவுக்கு முந்தைய நாளே முடித்துவிட வேண்டும். முன்கண்ணாடி புடைத்த லென்ஸ்களில் சாதாரண ஃபில்டர் மாட்ட முடியாது. மூடியும் கவனமும்தான் காவல்.

ஜொகூரின் ஈரக்காற்றையும் மறக்கக் கூடாது. 31 பாகை வெப்பமும் 80 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள காற்று, ஏறக்குறைய 27 பாகைக்குக் குளிர்ந்தாலே நீராகப் படியும். ஏர்கான் காரில் குளிர்ந்த லென்ஸை வெளியே எடுத்தவுடன் பனிமூட்டம் கட்டுவது இதனால்தான். பையை மூடியபடியே வைத்து, அரை மணி நேரமாவது வெளிச்சூட்டுக்குப் பழக விடுங்கள்.

அதைவிடக் கொடியது பூஞ்சை. இருட்டும் ஈரமும் சேர்ந்த அலமாரியில் அது கண்ணாடியின் மேல்பூச்சில் வேரோடி, அமிலம் சுரந்து, அழியாத தழும்பை விட்டுச் செல்லும். வெளிச்சமும் காற்றும் பட்டுப் புழக்கத்தில் இருக்கும் லென்ஸில் அது வளர்வது கடினம். எனவே, ஊரில் நாலைந்து படக்கலைஞர்கள் பணம் போட்டு ஒரு நல்ல அகன்ற லென்ஸ் வாங்கி, ஈரப்பதம் 40 முதல் 50 விழுக்காட்டில் நிற்கும் டிரை கேபினெட்டில் வைத்து, முறை வைத்து எடுத்துச் செல்லட்டும். செலவு குறையும், லென்ஸும் நெடுநாள் உழைக்கும், அதன் குணமும் அனைவருக்கும் பழகிவிடும்.