வெண்பனி சூழ்ந்த வீடும் கொல்லையும்

மார்கழிக் காலையில் புல்நுனியில் முத்துப்போல் நிற்கும் நீர்த்துளியை நாம் பனி என்கிறோம். முற்றத்தில் போட்ட துணி சற்று ஈரமாகும். பாட்டி தலையில் துண்டைக் கட்டிக்கொள்வார். எட்டு மணிக்கு வெயில் ஏறியதும் எல்லாம் முடிந்துவிடும். ஆனால் வானத்திலிருந்து பஞ்சுபோல் இறங்கி, வாசற்கதவை அடைத்து, வாரக்கணக்கில் தரையை விட்டு நீங்காத பனியும் உலகில் உண்டு. அதை இங்கே வெண்பனி என்று சொல்லிக்கொள்வோம். அந்த வெண்பனியோடு குடித்தனம் நடத்துகிறவர்கள் ஓராண்டை எப்படிக் கழிக்கிறார்கள், அவர்கள் வீட்டுக் கொல்லையில் வாழும் சிற்றுயிர்கள் எப்படிக் கழிக்கின்றன என்று பார்ப்போம்.

எடுத்துக்காட்டுக்கு ஓர் ஊரை வைத்துக்கொள்வது நல்லது. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், ஈரி என்னும் பெரிய ஏரியின் கிழக்கு முனையில் பஃபலோ நகரம் இருக்கிறது. அங்கு ஆண்டுதோறும் சராசரியாக 95 அங்குல அளவுக்கு, அதாவது ஏறத்தாழ எட்டடி, வெண்பனி விழுகிறது. இதற்குக் காரணம் அந்த ஏரிதான். கோடையில் சூடேறிய ஏரி நீர் நவம்பர், டிசம்பரிலும் முழுதும் ஆறிவிடுவதில்லை. மேற்கிலும் தென்மேற்கிலும் இருந்து வரும் கடுங்குளிர்க் காற்று அதன்மேல் கடக்கையில் நீராவியை அள்ளிக்கொண்டு, கரை ஏறியதும் வெண்பனியாகக் கொட்டிவிடுகிறது. அதுவும் ஊர் முழுதும் ஒரே சீராக அன்று. ஒரு குறுகிய பட்டையாக. 2014 நவம்பரில் நகரின் தெற்குப் பகுதிகளில் ஐந்தடிக்கு மேல் குவிந்தது. வடக்கே சில மைல் தள்ளி இருந்தவர்களுக்குச் சில அங்குலந்தான்!

அவ்வூர்க் குடும்பங்களுக்கு ஆண்டு அக்டோபரில் தொடங்குகிறது என்றே சொல்லலாம். நம் வீடுகளில் மழைக்கு முன் ஓடு மாற்றுவதும் விறகைத் திண்ணைக்கு ஏற்றுவதும் போல, அங்கும் அம்மாதம் முழுதும் வேலைதான். வீட்டுக்கு அடியில் உள்ள நிலவறையில் எரிவாயுவால் எரியும் ஒரு பெரிய உலை இருக்கும். ‘ஃபர்னஸ்’ என்பார்கள். அது சூடாக்கும் காற்று குழாய்கள் வழியே எல்லா அறைகளுக்கும் போகும். அதை ஆள் வைத்துச் சோதிக்க வேண்டும். ஜன்னல் இடுக்குகளை அடைக்க வேண்டும். தோட்டத்துக் குழாயில் ஒரு சொட்டு நீர் இல்லாமல் வடித்துவிட வேண்டும். தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்பது பங்கு பருக்கிறது. அந்தச் சிறு பருமன் செம்புக் குழாயையும் வெடிக்கச் செய்துவிடும். பூண்டும் டூலிப் கிழங்கும் நடுவது இம்மாதத்தில்தான். டூலிப்புக்குப் பல வாரக் குளிர் கிடைத்தால்தான் வசந்தத்தில் பூ வரும். நட்ட கையோடு அணில் வந்து தோண்டித் தின்பதும் உண்டு!

வீட்டின் சுவரைப் பற்றி ஒரு வார்த்தை. பெரும்பாலும் மரச்சட்டச் சுவர்களே. இடையில் கண்ணாடி இழையாலான பஞ்சை அடைத்திருப்பார்கள். ஜன்னலுக்கு இரண்டு கண்ணாடிகள். நடுவில் சிறு இடைவெளி. குளிரைத் தடுப்பது பஞ்சும் கண்ணாடியும் அல்ல, அவற்றினிடையே அசையாமல் அடைபட்டிருக்கும் காற்று. கம்பளிச் சட்டை செய்வதும் இதே வேலையைத்தான். மாணவியரே, இந்த ‘அடைபட்ட காற்றை’ மறந்துவிடாதீர்கள். கொல்லைப்புறத்திலும் இதைச் சந்திக்கப் போகிறோம்.

வெண்பனி விழுந்த முதல் நாள் குழந்தைகளுக்குத் திருவிழா. பள்ளிக்கு விடுமுறை விட்டால் கேட்கவே வேண்டாம். காலுறை, கம்பளி, கையுறை, குல்லாய், கனத்த காலணி என்று ஒவ்வொன்றாக மாட்டி வெளியே போவதற்குள் தாய்க்குக் கால் மணி நேரம் போய்விடும். பெரியவர்களுக்கோ அது சுமை தூக்கும் நாள். பத்தடி அகலமும் நாற்பதடி நீளமும் உள்ள வண்டிப் பாதையில் ஓரடி வெண்பனி கிடந்தால், அது மிருதுவானதாகவே இருந்தாலும், எடை ஒரு டன்னுக்கு மேல் ஆகும். அகன்ற மண்வாரியால் அதை வாரிப் போட வேண்டும். குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்கியிருக்கும். அந்த நேரத்தில் இவ்வளவு பாடுபட்டால் இதயம் தாங்காது. ஒவ்வொரு பனிப்புயலின் பின்னும் மாரடைப்பால் இறந்தவர்களின் செய்தி வருவது இதனால்தான். பக்கத்து வீட்டு முதியவரின் வாசலையும் சேர்த்துத் தள்ளிக் கொடுக்கும் வழக்கத்தை வெறும் மரியாதை என்று நினைத்துவிடக் கூடாது.

கூரை விளிம்பில் ஈட்டிபோல் தொங்கும் பனிக்கட்டிகளை நாம் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகளில் பார்த்து மகிழ்கிறோம். வீட்டுக்காரருக்கு அது நல்ல செய்தி அன்று. அறையின் சூடு கூரை வழியே கசிந்து மேலே கிடக்கும் வெண்பனியை உருக்குகிறது. உருகிய நீர் குளிர்ந்த விளிம்புக்கு வந்து மறுபடி உறைகிறது. பின்னால் வரும் நீர் வழியின்றித் தேங்கி, வீட்டுக்குள் ஒழுகும்.

பஃபலோ மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பேசும் புயல் 1977 ஜனவரி 28ஆம் நாள் வந்தது. அந்தக் குளிர்காலத்தில் ஏரி டிசம்பர் நடுவிலேயே உறைந்துவிட்டது. ஏரி உறைந்தால் நீராவி இல்லை. இனிப் பெரும்பனி இராது என்று எண்ணத் தோன்றும். ஆனால் உறைந்த ஏரியின்மேல் வாரக்கணக்கில் விழுந்து கிடந்த வெண்பனியைப் பெருங்காற்று அப்படியே வாரி நகரத்தின்மேல் எறிந்தது. புதிதாக விழுந்தது ஓரடி அளவே. ஆனாலும் பல வீடுகளின் கூரை மட்டத்துக்கு மேடுகள் எழுந்தன. நகர விலங்குக் காட்சிச் சாலையில் வேலிக்கு மேல் பனி குவிந்துவிட, மூன்று கலைமான்கள் அதன்மேல் நடந்து வெளியே போய்விட்டன! சிரிப்பதற்கு அவ்வளவுதான் உண்டு. 29 பேர் அந்தப் புயலில் மாண்டனர். புதைந்த கார்களுக்குள் கண்டெடுக்கப்பட்டவர்களும் அவர்களில் உண்டு.

அது பழைய காலம் என்றும் சொல்வதற்கில்லை. 2022ஆம் ஆண்டு டிசம்பர் 23ஆம் நாள் தொடங்கிக் கிறிஸ்துமஸ் நாட்களில் வீசிய புயலில் பஃபலோவிலும் சுற்றுப்புறத்திலும் நாற்பதுக்கு மேற்பட்டோர் இறந்தனர். மின்சாரம் நின்றது. எரிவாயு இருந்தும், காற்றைத் தள்ளும் விசிறிக்கு மின்சாரம் இல்லையேல் ஃபர்னஸ் வேலை செய்யாது. மருத்துவ வண்டிகளும் தீயணைப்பு வண்டிகளுமே பாதையில் சிக்கிக்கொண்டன. சிலர் வண்டிகளில் இறந்தனர், சிலர் தெருவில், சிலர் தம் சொந்த வீட்டுக்குள்ளேயே குளிரில். இன்னோர் அபாயமும் உண்டு. ஃபர்னஸின் புகை வெளியேறும் குழாயைப் பனி மூடினால், கார்பன் மோனாக்சைடு என்னும் நஞ்சு வீட்டுக்குள் திரும்பும். அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. ஆகவே புயலின் நடுவே கதவைத் திறந்து அந்தக் குழாயின் வாயைத் துப்புரவாக்கிவிட்டு வருவது அங்குள்ள பெற்றோர் மறக்கக் கூடாத வேலை.

ஃபர்னஸும் கம்பளியும் இல்லாத கொல்லைப்புறத்து உயிர்கள் என்ன செய்கின்றன? முதலில் சுண்டெலிகளைப் பாருங்கள். வெண்பனியின் துகள்களுக்கிடையே நிறையக் காற்று அடைபட்டிருக்கிறது. சுவருக்குள் இருக்கும் அதே காற்றுதான்! மேலே எவ்வளவு கடுங்குளிர் வீசினாலும், தடித்த பனிப் போர்வையின் அடியில் தரையோடு தரையாக உறைநிலையை ஒட்டியே குளிர் நிற்கும். அங்கே எலிகள் சுரங்கம் அமைத்து, புல்லையும் விதையையும் தின்று காலம் தள்ளுகின்றன. நமக்கு இடராக வரும் வெண்பனி அவற்றுக்குக் கூரை. பனி குறைவான குளிர்காலமே அவற்றுக்குக் கொடியது.

கறுப்புத் தொப்பி போட்டாற்போன்ற ‘சிக்கடி’ என்னும் குருவியின் எடை ஏறத்தாழ 12 கிராம். மூன்று தேக்கரண்டிச் சர்க்கரை அளவு. இது தென்னாட்டுக்குப் பறந்து போவதில்லை. இலையுதிர் காலத்தில் ஆயிரக்கணக்கான விதைகளை மரப்பட்டை இடுக்குகளில் ஒவ்வொன்றாக ஒளித்து வைத்து, பின்னர் நினைவில் வைத்து எடுத்து உண்கிறது. இரவில் உடல் வெப்பத்தைப் பத்து டிகிரி அளவுக்குத் தானே தணித்துக்கொள்கிறது. உலையைச் சிறிதாக எரியவிட்டு விறகை மிச்சம் பிடிக்கும் சிக்கனக்காரிதான்! பல வீட்டார் கொல்லையில் சூரியகாந்தி விதைத் தட்டு ஒன்றைத் தொங்கவிட்டு இவற்றுக்கு உணவிடுகிறார்கள்.

சாம்பல் அணில் குளிர்காலத்திலும் விழித்தே இருக்கும். ஆனால் ‘சிப்மங்க்’ என்னும் சிறிய அணில் வளைக்குள் போய்விடும். நம் ஊர் அணிலைப் போல் முதுகில் கோடு உடையது. சில நாள் உறக்கம், பின் எழுந்து சேமிப்பிலிருந்து ஒரு வேளை உணவு, மறுபடி உறக்கம். ‘கிரவுண்ட்ஹாக்’ என்னும் கொழுத்த விலங்கோ எதையும் சேமிப்பதில்லை. கொழுப்பை உடம்பிலேயே ஏற்றிக்கொண்டு உறங்கும். நிமிடத்துக்கு 80 தடவை துடிக்கும் அதன் இதயம் அப்போது ஐந்து தடவை அளவே துடிக்கிறது. எல்லாவற்றிலும் வியப்பு ஒரு வகைத் தவளை. சருகுக்கடியில் கல்போல் உறைந்து, இதயமும் நின்றுபோய்க் கிடக்கும். உடலில் பெருகும் சர்க்கரை அதன் உயிரணுக்களைக் காக்கிறது. வசந்தத்தில் உருகி எழுந்து குளத்துக்குத் தாவிச் செல்லும்!

பிப்ரவரி 2ஆம் நாள் ஆண்டவரைக் கோவிலில் காணிக்கையாக ஒப்புக்கொடுத்த திருநாள். மெழுகுதிரிகளை மந்திரித்துப் பவனி வருவதை நாம் அறிவோம். அன்று வெயில் அடித்தால் குளிர் நீடிக்கும் என்பது ஐரோப்பிய மக்களின் பழைய நம்பிக்கை. ஜெர்மானியர் வளையில் வாழும் விலங்கொன்றைப் பார்த்து அதைக் கணிப்பார்களாம். அவர்கள் பென்சில்வேனியாவில் குடியேறியபோது அந்தப் பொறுப்பு கிரவுண்ட்ஹாக்கின் தலையில் விழுந்தது. அம்மாநிலத்தில் பங்ஸுடானி என்ற ஊரில் 1887 முதல் இதை ஒரு விழாவாகவே நடத்துகிறார்கள். விலங்கு தன் நிழலைக் கண்டால் இன்னும் ஆறு வாரம் குளிர். ஆனால் அதன் ஜோசியம் பலித்தது பாதிக்கும் குறைவு என்கிறார்கள் வானிலை அறிஞர்கள்!

பிப்ரவரி இறுதியில், இரவில் உறைந்து பகலில் உருகும் நாட்களில், மேப்பிள் மரத்தில் சாறு ஏறும். மரத்தில் சிறு துளையிட்டு வாளி கட்டி அதை இறக்குகிறார்கள். பதநீர் காய்ச்சிக் கருப்பட்டி எடுக்கும் நம்மவர்க்கு இது புதிதன்று. நாற்பது லிட்டர் சாற்றைக் காய்ச்சினால் ஒரு லிட்டர் பாகு கிடைக்கும். இக்கலை வெள்ளையர் கொண்டு வந்ததன்று. அம்மண்ணின் பழங்குடிகள் அவர்களுக்கு முன்பே அறிந்திருந்தனர்.

வசந்தம் அங்கே மெதுவாகத்தான் வரும். குளிர்ந்த ஏரி அதை எளிதில் உள்ளே விடாது. தெருவோரத்தில் அழுக்கேறிய பனிக்குவியல் கிடக்கும்போதே சிவந்த மார்புள்ள ராபின் பறவை புல்வெளியில் மண்புழு தேடும். இக்காலத்தில் புல்லின் நடுவே சிறு குழியில் முயல் குட்டிகளைத் தனியே காண்பது சகஜம். இரக்கமுள்ள சிறுமியர் ‘தாயற்ற குட்டிகள்’ என்று வீட்டுக்குள் எடுத்துப் போய்விடுகிறார்கள். தாய் எங்கும் போகவில்லை. தன் நடமாட்டத்தால் பகைவர் அறிந்துவிடாதபடி, அதிகாலையிலும் அந்தியிலும் மட்டும் வந்து பால் கொடுத்துப் போகும். தொடாமல் விட்டுவிடுவதே குட்டிகளுக்குச் செய்யும் உதவி.

கோடை குறுகியது, அதனால் யாரும் அதை வீணாக்குவதில்லை. ஜூன் இறுதியில் இரவு ஒன்பது மணி வரை வெளிச்சம் இருக்கும். அதன்பின் மின்மினிகள். இரவில் முகமூடி போட்ட திருடன் போன்ற ரக்கூன் குப்பைத் தொட்டியின் மூடியைக் கையால் திறந்து விருந்துண்ணும். பகலெல்லாம் புல் வெட்டுவது, தக்காளியைக் காய்ச்சிக் கண்ணாடிக் குடுவைகளில் அடைப்பது என்று ஆகஸ்டு வந்துவிடும்.

அப்போது கொல்லை ஓரத்துப் பால்செடிகளில் ‘மானார்க்’ வண்ணத்துப் பூச்சியின் கடைசித் தலைமுறை கூட்டை உடைத்து வெளிவரும். கோடையில் பிறந்தவை சில வாரமே வாழ்பவை. இவையோ எட்டு மாதம் வாழக் கூடியவை. ஒரு காகிதத் துண்டின் எடையே உள்ளவை. செப்டம்பரில் தெற்கு நோக்கிப் புறப்பட்டு, 3,000 கிலோமீட்டருக்கு மேல் பறந்து மெக்சிகோ நாட்டு மலைக்காடுகளில் இறங்குகின்றன. அந்த இடத்தை வெளியுலக அறிஞர்கள் கண்டறிந்தது 1975இல்தான். மலையடிவார மக்கள் அதற்கு வெகு முன்பே அறிவார்கள். நவம்பர் 2ஆம் நாள், இறந்தோர் நினைவு நாளையொட்டி அவை வந்து சேர்வதால், தங்கள் முன்னோரின் ஆன்மாக்களே வீடு திரும்புவதாக அவர்கள் சொல்வது வழக்கம். அந்நேரம் பஃபலோவில் தோட்டத்துக் குழாயின் கடைசிச் சொட்டை வடித்துக்கொண்டிருப்பார்கள்.