செய்த வேலைக்குச் சாட்சி எங்கே?

கடந்த மாதம் ஒரு நாள், மஃரிபுக்குச் சற்று முன்னர், என் ஹாட்வெயார் கடைக்கு ஒரு தம்பி வந்தார். நல்ல மேசன். பத்துப் பன்னிரண்டு பேரை வைத்து வேலை செய்பவர். கையில் ஒப்பந்தகாரர் பதிவுக்கான விண்ணப்பப் படிவம்.

“காக்கா, பதினெட்டு வருசமா வேலை செய்யிறன். கிண்ணியாவிலயும் மூதூரிலயும் நான் கை வைக்காத பள்ளிக்கூடம் குறைவு. ஆனா இந்தப் படிவத்தில எழுத ஒன்டும் இல்லையே” என்றார்.

அவர் சொன்னது பொய்யல்ல. கட்டடங்கள் நிற்கின்றன. ஆனால் அவற்றை அவர்தான் கட்டினார் என்று சொல்ல ஒரு துண்டுக் கடதாசியும் அவரிடம் இல்லை. நமது மாவட்டத்தில் இப்படி நூற்றுக்கணக்கானோர் இருப்பார்கள். ஆகவே இந்த வாரம் இதைப் பற்றியே எழுதலாம் என்று நினைத்தேன்.

பதிவு ஏன் வேண்டும்?

1986 இல் தொடங்கப்பட்ட ‘இக்டாட்’ நிறுவனத்தைப் பழைய ஒப்பந்தகாரர்கள் அறிவார்கள். 2014 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்க நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்திச் சட்டத்தின் மூலம் அதன் இடத்துக்கு நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகாரசபை வந்தது. ‘சீடா’ என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். தலைமைக் காரியாலயம் கொழும்பு 7, விஜேராம மாவத்தையில் உள்ள சவ்சிரிபாயவில் இருக்கிறது.

ஒப்பந்தகாரர்கள் தரம் பிரிக்கப்படுகிறார்கள். சீ-9 அடித்தரம். அங்கிருந்து சீ-1 வரை ஏறி, அதற்கு மேல் சீஎஸ்-1, சீஎஸ்-2 என்று போகும். கட்டடம், வீதி, பாலம், நீர் வழங்கல், நீர்ப்பாசனம் என்று துறைகள் வேறு வேறு. ஒவ்வொரு தரத்துக்கும் எவ்வளவு தொகை வரையான வேலை எடுக்கலாம் என்று எல்லை உண்டு. அந்த எல்லைகள் காலத்துக்குக் காலம் திருத்தப்படுவதால், விண்ணப்பிக்கும்போது நடைமுறையில் உள்ள அறிவுறுத்தலைப் பெற்றுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தரம் கொடுக்கும்போது நிதி வலு, தொழில்நுட்ப ஆளணி, இயந்திர உபகரணங்கள், செய்து முடித்த வேலைகள் ஆகியவற்றைப் பார்ப்பார்கள். காசை ஒரு மாதத்தில் திரட்டலாம். கலவை இயந்திரத்தை நாளைக்கே வாங்கலாம். பொறியியலாளரைச் சம்பளத்துக்கு வைக்கலாம். அனுபவத்தை மட்டும் கடையில் வாங்க முடியாது. அதனால்தான் அதற்கு ஆவணம் கேட்கிறார்கள்.

இது நமது நாட்டில் மட்டுமுள்ள கெடுபிடி அல்ல. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் ஒப்பந்தகாரர் உரிமம் பெற, விண்ணப்பத்துக்கு முந்திய 10 வருடத்துக்குள் குறைந்தது 4 வருட அனுபவம் காட்ட வேண்டும். அந்த வேலையை நேரில் அறிந்த இன்னொருவர் அதை உறுதிப்படுத்திக் கையொப்பமிடவும் வேண்டும். ‘நான் செய்தேன்’ என்று நாமே சொல்வது அங்கேயும் போதாது.

வேலை உங்களுடையது, பெயர் யாருடையது?

அந்தத் தம்பியின் பிரச்சினை இதுதான். பதினெட்டு வருடமும் மற்றவர்களின் பதிவின் கீழ் வேலை செய்தார். டெண்டர் எடுத்தவர் ஒருவர். சீமெந்து குழைத்தவர் இவர். விருதுக் கடிதம், பில், காசோலை, நிறைவுச் சான்றிதழ் எல்லாம் பதிவுள்ளவரின் பெயரில் வந்தன. ஆகவே இவருடைய பதினெட்டு வருட அனுபவம் இன்னொருவரின் கோவையில் ஏறி, அவர் தரம் உயர்ந்துவிட்டார்.

நானும் இதில் அடிபட்டவன்தான். 2004 சுனாமிக்குப் பிறகு நமது கரையோரம் முழுவதும் வீடமைப்பு வேலை. வெளியூர் நிறுவனம் ஒன்றின் கீழ் உப ஒப்பந்தமாகச் சில வீடுகளைக் கட்டினேன். எல்லாம் வாய்ப் பேச்சு. பணம் கையில் தந்தார்கள். நானும் மகிழ்ச்சியோடு வாங்கிக்கொண்டேன். சில வருடம் கழித்துப் பதிவுக்குப் போனபோது ஒரு கடிதம் கேட்டு அந்த நிறுவனத்துக்கு அலைந்தேன். அங்கு பழைய ஆட்கள் யாரும் இல்லை. புதியவர்களுக்கு என்னைத் தெரியாது. என் கையில் இருந்தது என் சொந்தக் கடையின் சீமெந்துப் பற்றுச்சீட்டுகள் மட்டுமே. நான் சீமெந்து விற்றேன் என்பதற்கு அது சாட்சி. வீடு கட்டினேன் என்பதற்கு அல்ல.

உப ஒப்பந்தம் எடுப்பது தவறில்லை. ஆனால் வேலை தொடங்கும் முன்னரே, பிரதான ஒப்பந்தகாரரின் கடிதத் தலைப்பில் எந்த வேலை, எந்தப் பகுதி, எவ்வளவு தொகை, எந்தத் திகதி என்று எழுதி வாங்குங்கள். வேலை கேட்கும் நேரத்தில் தராதவர், வேலை முடிந்த பிறகு தரமாட்டார்.

ஒன்றையும் சேர்த்து நினைவில் வையுங்கள். பல கேள்வி ஆவணங்களில் பிரதான ஒப்பந்தகாரராகச் செய்த அதே வகை வேலையைத்தான் கேட்பார்கள். ஆகவே உப ஒப்பந்தத்திலேயே காலத்தைக் கழிக்காமல், சிறிய வேலை ஒன்றையாவது சொந்தப் பெயரில் எடுத்துச் செய்வது நல்லது.

எந்தக் கடதாசி எதைச் சொல்கிறது?

ஒரு வேலைக்கு ஒரு கோவை. இதுவே முதல் பாடம். அதற்குள் கீழ்வருபவை இருக்க வேண்டும்.

விருதுக் கடிதமும் ஒப்பந்தமும்: வேலையை யார், யாருக்கு, எப்போது, என்ன தொகைக்குக் கொடுத்தார் என்பதைக் காட்டும்.

கணியச் சிட்டை, அதாவது நாம் பீஓக்யூ என்பது: வேலையின் வகையைக் காட்டும். ‘பாடசாலைத் திருத்த வேலை’ என்று தலைப்பில் இருக்கலாம். உள்ளே கொங்கிறீட்டா, கூரையா, வெறும் வர்ணப் பூச்சா என்பதை இதுதான் சொல்லும்.

அளவீட்டுத் தாளும் உறுதிப்படுத்திய பில்லும்: உண்மையில் எவ்வளவு வேலை நடந்தது என்பதைக் காட்டும். தொழில்நுட்ப உத்தியோகத்தர் அல்லது பொறியியலாளர் கையொப்பமிட்ட பிரதியையே வையுங்கள்.

நிறைவுச் சான்றிதழ்: வேலை முடிந்தது, திருப்தியாக முடிந்தது என்பதைக் காட்டும். பலர் கடைசிக் காசோலையை வாங்கியதும் இதை மறந்துவிடுகிறார்கள். பிடித்து வைத்த தொகையை விடுவிக்கப் போகும் நாளில், குறைபாட்டுக் காலம் முடிந்ததற்கான கடிதத்தையும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள். அந்த உத்தியோகத்தர் இடமாற்றம் பெற்றுப் போன பிறகு, புதியவர் தான் பார்க்காத வேலைக்குக் கையொப்பமிடத் தயங்குவார். அவரைக் குறை சொல்லவும் முடியாது.

வங்கிக் கூற்று: பில்லில் உள்ள பணம் உங்கள் கணக்குக்குத்தான் வந்தது என்பதைக் காட்டும். கையில் வாங்கிய பணத்துக்கு வாய் இல்லை.

வரி அறிக்கையும் கணக்கறிக்கையும்: வருடப் புரள்வைக் காட்டும். இங்கே நம்மில் பலர் மாட்டிக்கொள்கிறோம். இறைவரித் திணைக்களத்துக்கு வருமானத்தைக் குறைத்துக் காட்டிவிட்டு, பதிவுக்குப் போகும்போது கூட்டிக் காட்ட முடியாது. இரண்டும் ஒரே வருடம். இரண்டும் ஒரே ஆள்.

ஊழியர் சேமலாப நிதி, நம்பிக்கை நிதிப் பதிவுகளும் அப்படியே. பத்துப் பேரை வைத்து வேலை செய்தவரிடம் பத்துப் பேருக்குக் கட்டிய பதிவு இருந்தால், அது எந்தச் சான்றிதழை விடவும் உரத்துப் பேசும்.

தனியார் வேலை செய்தவர்கள்

அரச வேலை மட்டுமே அனுபவம் என்று நினைக்க வேண்டாம். வீடு கட்டிக் கொடுத்திருந்தால், வீட்டுக்காரரோடு செய்த எழுத்து ஒப்பந்தம், நகர சபை அல்லது பிரதேச சபை அங்கீகரித்த வரைபடம், வேலை முடிந்தபின் அந்தச் சபை வழங்கும் இணக்கச் சான்றிதழ், பணம் வந்த வங்கிக் கூற்று ஆகிய நான்கையும் ஒன்றாகக் கட்டி வையுங்கள். பள்ளிவாசல், மத்ரஸா வேலையென்றால் நிர்வாக சபையின் தீர்மானப் பிரதியும் கடிதமும் வாங்குங்கள். பள்ளி வேலைதானே, கடிதம் எதற்கு என்று வெட்கப்பட வேண்டாம். நன்மை அல்லாஹ்விடம், கடிதம் கோவையில்.

நமது துறைமுகத்தைச் சுற்றி மா ஆலை, சீமெந்துத் தொழிற்சாலை, எண்ணெய்க் குதங்கள் என்று பெரிய இடங்கள் உள்ளன. அங்கே பராமரிப்பு வேலை செய்பவர்கள் கொள்வனவுக் கட்டளை, வேலை ஏற்புக் குறிப்பு இரண்டையும் பத்திரப்படுத்த வேண்டும்.

வளைகுடாவில் பொருத்துநராகவோ மேசனாகவோ இருந்துவிட்டு வந்தவர்களின் சேவைக் கடிதம் அவர்களுடைய திறமைக்குச் சாட்சி. அது ஒப்பந்தகாரர் அனுபவம் ஆகாது. ஆனால் அதைக் கொண்டு, முன் அனுபவத்தின் அடிப்படையில் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழுக்கு மதிப்பீடு கேட்கலாம். வகுப்பில் போய் இருக்க வேண்டியதில்லை. செய்து காட்ட வேண்டும். உங்கள் ஆட்களுக்கும் இதைப் பெற்றுக் கொடுங்கள்.

பெயர் ஒன்றாக இருக்கட்டும்

நமது ஆட்களுக்கு இது தனித் தலைவலி. அடையாள அட்டையில் ‘முகம்மது’, வியாபாரப் பதிவில் ‘மொஹமட்’, காசோலையில் முதலெழுத்து மட்டும். மூன்றும் ஒரே ஆள் என்பது ஊருக்குத் தெரியும். கொழும்பில் கோவையைப் பார்ப்பவருக்குத் தெரியாது. வித்தியாசம் இருந்தால் சமாதான நீதவான் முன்னிலையில் ஒரு சத்தியக் கடதாசி முடித்து, அதை ஏற்பார்களா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். தனி வியாபாரத்தைக் கம்பனியாக மாற்றுபவர்களும், பங்குதாரர் பிரிந்து போகிறவர்களும், பழைய அனுபவம் யார் பக்கம் சேரும் என்பதை எழுத்தில் தீர்த்துக்கொண்டே மாற வேண்டும்.

இன்னொரு விடயம். சீடா பதிவு இருந்தால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். 1987 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்க பகிரங்க ஒப்பந்தங்கள் சட்டத்தின்படி, 50 இலட்சம் ரூபாவைத் தாண்டும் அரச டெண்டர்களுக்குத் தனியான பதிவு வேண்டும். அது கம்பனிப் பதிவாளர் திணைக்களத்தில்.

குறுக்கு வழி வேண்டாம்

‘ஒரு கடிதத் தலைப்பு அடித்தால் போதும்’ என்று சொல்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. பொய்க் கடிதம் பிடிபட்டால் விண்ணப்பம் மட்டும் போகாது. பதிவே இரத்தாகலாம், கறுப்புப் பட்டியலில் பெயர் ஏறலாம். அதைவிடப் பெரிது, செய்யாத வேலையைச் செய்ததாகக் காட்டியவர் நாளைக்கு ஒரு பாடசாலைக்குத் தட்டுப் போடுவார். அதன் கீழே நமது பிள்ளைகள் இருப்பார்கள்.

கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளவும் சாட்சி வைக்கவும் கற்றுத் தரும் சூரா பகராவின் 282 ஆம் வசனம்தான் குர்ஆனிலேயே நீளமானது. அதை ஓதுகிற நாம் வாய்ப் பேச்சில் கோடிக்கணக்கில் வேலை செய்கிறோம்.

பத்திரமும் முக்கியம். சுனாமியில் ஆவணம் இழந்தவர்களும், 2006 இல் மூதூரிலிருந்து உடுத்த உடையோடு வெளியேறியவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். 2025 நவம்பரில் டித்வா சூறாவளி நாட்டையே வெள்ளத்தில் ஆழ்த்தியது. மூலப் பிரதியைப் பிளாஸ்டிக் உறையில் உயரத்தில் வையுங்கள். தொலைபேசியில் படம் எடுத்து மின்னஞ்சலிலும் போட்டு வையுங்கள். இன்னொரு பிரதி வேறு ஊரில் உள்ள உறவினர் வீட்டில் இருக்கட்டும்.

அந்தத் தம்பி இரண்டு வாரம் அலைந்தார். பதினெட்டு வருடத்தில் மூன்று வேலைக்கு மட்டுமே முழுமையான ஆவணம் சேர்ந்தது: இரண்டு வீடுகள், கிராம அபிவிருத்திச் சங்கத்தின் மூலம் செய்த ஒரு வடிகான். அவற்றை வைத்து அடித்தரத்துக்கு விண்ணப்பித்திருக்கிறார். முடிவு இன்னும் வரவில்லை. “மிச்சம் பதினஞ்சு வருசமும் போச்சா காக்கா?” என்று கேட்டார். கையில் உள்ள தொழில் போகவில்லை. கடதாசி மட்டும் போயிற்று என்றேன். இனி எடுக்கும் வேலைக்கு இன்றே ஒரு கோவை திறக்கச் சொன்னேன். என் கடையிலிருந்தே ஒன்றை எடுத்துக் கொடுத்தேன்.