உஷார்! சளி சிரப்பை ஊற்றும் முன் லேபிளைப் படியுங்கள்

மழை பிடித்துவிட்டது. வீட்டுக்கு வீடு பிள்ளைகளுக்கு மூக்கு ஒழுகுகிறது, ராத்திரி இருமல். போன தடவை வாங்கிய சிரப் பாதி மிச்சம் இருக்கிறதே என்று கை தானாக ஃப்ரிட்ஜ் பக்கம் போகும். வேண்டாம், நில்லுங்கள்!

2025 செப்டம்பரில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில் நடந்ததை அதற்குள் மறந்துவிட்டோமா? லேசான காய்ச்சல், சளி என்று டாக்டரிடம் போன குழந்தைகள். எழுதிக் கொடுத்த சிரப்பைக் குடித்தார்கள். சில நாளில் சிறுநீர் நின்றது, சிறுநீரகம் செயலிழந்தது. 20க்கும் மேற்பட்ட பிஞ்சுகள் போய்விட்டன, பெரும்பாலும் 5 வயதுகூட ஆகாதவை. அந்த 'கோல்ட்ரிஃப்' சிரப் தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில். தமிழக மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை பரிசோதித்தபோது அதில் டைஎத்திலீன் கிளைக்கால் 48.6 சதவீதம் இருந்தது. அனுமதிக்கப்பட்ட உச்சவரம்பு 0.1 சதவீதம்!

இந்த விஷம் சிரப்புக்குள் எப்படி வந்தது? அதில் இருந்த பாரசிட்டமால் தண்ணீரில் லேசில் கரையாது. கரைக்கப் புரோப்பிலீன் கிளைக்கால் போன்ற திரவம் வேண்டும். மருந்துத் தரத்தில் வாங்கினால் விலை அதிகம். மலிவான ஆலைத் தரச் சரக்கை வாங்கி, சோதிக்காமல் ஊற்றினால் இந்த விஷமும் கூடவே வந்துவிடும். நிறம் கிடையாது, லேசாக இனிக்கும், நாக்குக்குத் தெரியாது. 1937இல் அமெரிக்காவில் 100க்கும் மேற்பட்டவர்களைச் சாகடித்ததும் இதுதான். 2022இல் காம்பியாவில் சுமார் 70 குழந்தைகள் இறந்தபோதும் இதே பெயர்தான் அடிபட்டது.

இந்த விஷத்தை எந்த அப்பா அம்மாவும் பாட்டிலைப் பார்த்துக் கண்டுபிடித்திருக்க முடியாது. பிடித்திருக்க வேண்டியது தயாரித்தவரும், சோதனைக்கூடமும், அரசும். அங்கே கோட்டை விட்டுவிட்டு 'பெற்றோர் விழிப்போடு இருக்க வேண்டும்' என்று உபதேசிப்பவர்களைக் கண்டால் எரிச்சல்தான் வருகிறது. ஆனாலும் லேபிளை வைத்தே கேட்கக்கூடிய கேள்வி ஒன்று இருந்தது. குளோர்பெனிரமின், ஃபீனைலெஃப்ரின் இரண்டும் சேர்ந்த சளி மருந்தை 4 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று லேபிளிலேயே அச்சிடும்படி மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 டிசம்பரிலேயே உத்தரவிட்டிருந்தது. கோல்ட்ரிஃப்பில் இருந்ததும் அதே ஜோடிதான், பாரசிட்டமாலோடு சேர்த்து. சாவுகளுக்குப் பிறகு, 2025 அக்டோபர் 3இல் மத்திய சுகாதார சேவைகள் இயக்குநரகம் மறுபடி சொன்னது: 2 வயதுக்குள் இருமல், சளி மருந்தே வேண்டாம், 5 வயது வரை பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை.

ஆகவே வாய் திறந்து கேளுங்கள். "டாக்டர், இவனுக்கு மூணு வயசுதான் ஆகுது. இந்த சிரப் அவசியமா? கொடுக்கலைன்னா என்ன ஆகும்?" சாதாரணச் சளி பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும் என்பது அவருக்கும் தெரியும். "கூகுள் பார்த்துட்டு வந்தீங்களா?" என்று சிரிக்கிற டாக்டர்களும் உண்டு. சிரித்துவிட்டுப் போகட்டும், பதில் வாங்காமல் எழுந்து வராதீர்கள். மெடிக்கலில் "அதே மருந்துதாம்மா, கம்பெனிதான் வேற" என்று வேறொன்றை நீட்டினால், மூலப்பொருளின் பெயரும் அளவும் சீட்டில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று அங்கேயே நின்று பாருங்கள்.

டாக்டரிடம் கேட்பதற்காகத் தேடிப் படிப்பது நல்லது. டாக்டரே வேண்டாம் என்று தேடுவதுதான் ஆபத்து. காய்ச்சல் மருந்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 10 கிலோ எடையுள்ள குழந்தைக்கு டாக்டர் ஒரு வேளைக்கு 150 மில்லிகிராம் பாரசிட்டமால் எழுதுகிறார் என்று வையுங்கள். 5 மில்லியில் 125 மில்லிகிராம் உள்ள சிரப் என்றால் 6 மில்லி, 250 உள்ளது என்றால் 3 மில்லி. கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்தோ ஒவ்வொரு மில்லியிலும் 100 மில்லிகிராம் கொண்டது, அதில் ஒன்றரை மில்லியே போதும். 'போன தடவை 6 மில்லிதானே கொடுத்தோம்' என்று சொட்டு மருந்தை 6 மில்லி ஊற்றினால் உள்ளே போவது 600 மில்லிகிராம், நாலு மடங்கு! கல்லீரலுக்கு ஆபத்து. சளி சிரப்பிலும் பாரசிட்டமால் ஒளிந்திருக்கும். அதையும் காய்ச்சல் சிரப்பையும் சேர்த்துக் கொடுப்பது தெரியாமலே இரட்டிப்பாக்குவதுதான். அளவை மூடியாலோ சிரிஞ்சாலோ பாருங்கள், சமையலறை ஸ்பூனால் அல்ல.

சிரப்புக்குப் பயந்து வாட்ஸ்அப் வைத்தியத்துக்குத் தாவுவதும் கூடாது. தேங்காய் எண்ணெயில் கற்பூரம் காய்ச்சிப் பச்சைக் குழந்தையின் நெஞ்சில் தேய்க்கிறார்கள்; கற்பூரம் உடம்பில் ஏறினால் வலிப்பு வரலாம். ஒரு வயதுக்குள் தேன் நாக்கில் படவே கூடாது. மூக்கில் எண்ணெய் விட்டால் நுரையீரலுக்குள் இறங்கிவிடலாம்.

மருந்து குடித்த குழந்தை ஆறு மணி நேரத்துக்கு மேல் சிறுநீர் கழிக்கவில்லையா, நிற்காமல் வாந்தி எடுக்கிறதா, எழுப்பினாலும் அசதியாகவே கிடக்கிறதா, மூச்சு வாங்குகிறதா? விடியட்டும் என்று காத்திராமல் 108ஐ அழையுங்கள். பாட்டிலைக் கழுவியோ வீசியோ விடாமல், மிச்ச மருந்தோடும் பில்லோடும் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போங்கள். லேபிள் ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கும் தொகுதி எண் அழியாமல் இருக்க வேண்டும். காஞ்சிபுரத்தில் அதிகாரிகள் கோல்ட்ரிஃப் மாதிரியை எடுத்துச் சோதித்ததே எஸ்ஆர்-13 என்ற தொகுதி எண்ணைப் பிடித்துக்கொண்டு போய்த்தான்.