லினக்ஸ் கணினிக்கு வீட்டு இன்டர்நெட் கிடைக்குமா? லைன் போடும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை

ஜொகூர், சாஆவில் உங்க வீட்டுக்கு ஃபைபர் லைன் போட ஆள் வந்திருக்கார்னு வச்சுக்குங்க. உங்க மடிக்கணினியைப் பார்த்ததும், “லினக்ஸா? இதுக்கு நாங்க சப்போர்ட் பண்றதில்லையே” என்கிறார். அப்படின்னா இன்டர்நெட் வராதா? வரும். ஆனா அவர் சொல்றதுலயும் பாதி உண்மை இருக்கு.

இப்போ ஏன் இந்தக் கேள்வி?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி தேவை. பல பழைய கணினிகளில் அது இல்லை. அதனால், நல்லா ஓடுற கணினியைத் தூக்கிப்போட மனசில்லாதவங்க இலவசமான லினக்ஸுக்கு மாறுறாங்க. அண்ணனோட பழைய மடிக்கணினியில் தங்கச்சி எஸ்.பி.எம்.-க்குப் படிக்கிற வீட்டுல இது சின்ன விஷயம் இல்லை.

நிறுவனத்தின் பொறுப்பு எதுவரை?

பொதுவாக, அவங்க கொடுத்த ரவுட்டர் வரைக்கும். யூனிஃபை போன்ற சேவையில் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் ரவுட்டருக்குள்ளேயே பதிவாகி இருக்கும். ரவுட்டருக்குப் பின்னால் இருப்பது விண்டோஸா, மேக்கா, லினக்ஸா என்பது லைனுக்கு முக்கியமில்லை. சொந்த ரவுட்டர் வச்சாத்தான் கூடுதல் வேலை: யூனிஃபைக்கு வி.லேன் 500 என்ற அமைப்பையும் நீங்களே போடணும்.

கோளாறு எங்கே? நாலே சோதனை

1. ஃபைபர் பெட்டியில் எல்.ஓ.எஸ். விளக்கு சிவப்பா எரியுதா? சிக்னல் வரலை. இது நிறுவனத்தோட வேலை.

2. கைப்பேசியில் மொபைல் டேட்டாவை அணைச்சிட்டு, வைஃபையில் ஒரு பக்கத்தைத் திறங்க. திறந்தா லைன் சரி, பிரச்சினை கணினியில்.

3. கணினியை ரவுட்டரோட கேபிள்ல இணைங்க. கேபிள்ல வந்து வைஃபையில் வரலைன்னா, பெரும்பாலும் டிரைவர்தான் காரணம். பிராட்காம் சில்லு உள்ள கணினிகளில் இது அதிகம். கைப்பேசியை யூ.எஸ்.பி. வழியா இணைச்சு, அதோட டேட்டாவில் டிரைவரை இறக்கிக்கலாம்.

4. டெர்மினலில் ‘பிங் 8.8.8.8’ கட்டளைக்குப் பதில் வருது, ஆனா இணையப் பக்கம் திறக்கலையா? டி.என்.எஸ். அமைப்பை மாத்திப் பாருங்க.

இன்னும் விண்டோஸை அழிக்கலைன்னா, லினக்ஸை முதல்ல யூ.எஸ்.பி.யில் இருந்தே ஓட்டிப் பாருங்க. வைஃபை வேலை செய்யுதான்னு அப்பவே தெரிஞ்சிடும்.

லைனே எட்டாத இடமா?

சாஆவைச் சுத்தி செம்பனைத் தோட்டங்கள். டவுனில் ஃபைபர் இருந்தாலும் உங்க வீடு வரைக்கும் வந்திருக்கணும்னு இல்லை. விண்ணப்பிக்கும் முன் முழு முகவரியைக் கொடுத்து நிறுவனத்திடம் கேளுங்க. மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையமான எம்.சி.எம்.சி.யின் ஜெண்டெலா வரைபடத்திலும் பார்க்கலாம். ஃபைபர் இல்லைன்னா சிம் போடுற 4ஜி, 5ஜி ரவுட்டர் ஒரு வழி. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன், வீட்டுக்குள்ளே சிக்னல் எப்படின்னு அதே நிறுவனத்தோட சிம்மைப் போட்டுச் சோதிங்க.

புகார் எப்படிச் சொல்வது?

“லினக்ஸ்ல நெட் வரலை”ன்னு ஆரம்பிச்சா பேச்சு அங்கேயே நின்னுடலாம். “கைப்பேசியிலயும் வரலை, எல்.ஓ.எஸ். சிவப்பு”ன்னு சொல்லுங்க. புகார் எண்ணையும் தேதியையும் குறிச்சு வைங்க. தீர்வு கிடைக்கலைன்னா, அந்த எண்ணோட எம்.சி.எம்.சி.யிடம் இணையம் வழியா முறையிடலாம்.

உங்க கணினியில் என்ன ஓடுதுங்கிறது உங்க விருப்பம். காசு கட்டின லைன் ரவுட்டர் வரைக்கும் ஒழுங்கா வந்து சேரணும். அதைக் கேட்க விண்டோஸ் தேவையில்லை.