டைமிங் பெல்ட் அறுந்த பிறகு: ஹெட்டில் எதைப் பார்க்கணும்?

போன எபிசோடு கேட்டுட்டு நேயர் ஒருத்தர் குரல் பதிவு அனுப்பியிருந்தார். நாலு சிலிண்டர் பெட்ரோல் கார். ஓடிக்கிட்டிருக்கும்போதே டைமிங் பெல்ட் அறுந்துடுச்சு. ஒரு பட்டறையில, "புது பெல்ட் போட்டா போதும், ஓடிரும்"ங்கிறாங்க. இன்னொரு இடத்துல, "ஹெட்டையே மொத்தமா மாத்தணும்"ங்கிறாங்க. ரெண்டு பேருமே ஹெட்டைக் கழட்டிப் பார்க்கலை. பார்க்காம சொன்ன எதையும் நம்பிப் பணம் கட்டாதீங்க. எப்படிப் பார்க்கணும்னு சொல்றேன்.

கிராங்க் ரெண்டு சுத்து சுத்தினா கேம் ஒரு சுத்து. அந்தக் கணக்கைக் காப்பாத்துறதுதான் பெல்ட்டோட வேலை. அது அறுந்ததும் கேம் நின்னுடும், கிராங்க் மட்டும் சுத்திக்கிட்டே இருக்கும். அந்த நேரத்துல எந்த வால்வு திறந்து நிக்குதோ, அதுமேல பிஸ்டன் வந்து இடிக்கும். எல்லா இன்ஜின்லயும் இடிக்காது, சிலதுல போதுமான இடைவெளி விட்டிருப்பாங்க. ஆனா பழைய சான்ட்ரோவோட 1.1 லிட்டர் 12 வால்வு பெட்ரோல், டஸ்டர்ல வந்த 1.5 லிட்டர் டீசல், இதெல்லாம் இடிக்கிற ரகம். அதனால பெல்ட் போன வண்டியில "ஒரு தடவை பார்ப்போமே"ன்னு செல்ஃப் அடிக்கவே கூடாது. தப்பிச்ச வால்வையும் நாமளே வளைச்ச மாதிரி ஆயிடும்.

ஹெட்டைக் கழட்டுறதுக்கு முன்னாடி ஒரு சோதனை இருக்கு. கிராங்க்கை மேல் உச்சியிலேர்ந்து கால் சுத்து பின்னாடி திருப்பினா நாலு பிஸ்டனும் பாதி வழியில நிக்கும். இப்போ கேமை அதோட குறிக்குக் கொண்டுவந்தா எதுவும் இடிக்காது. அப்புறம் கிராங்க்கையும் குறிக்குக் கொண்டுவந்து, பெல்ட்டை மாட்டி, ஸ்பேனரால கையாலேயே ரெண்டு சுத்து சுத்துங்க. எங்கயாவது முட்டினா அங்கேயே நிறுத்திடுங்க. முட்டலைன்னா, ஒவ்வொரு சிலிண்டரா ரெண்டு பக்க வால்வும் மூடியிருக்கிற நிலையில வெச்சு, பிளக் துளை வழியா காத்து அடிச்சு, காதைக் கொடுத்துக் கேளுங்க. இன்டேக் பக்கம் உஸ்ஸுன்னா இன்டேக் வால்வு. சைலன்சர்ல கேட்டா எக்ஸாஸ்ட் வால்வு. ஆயில் ஊத்துற வாய்ல கொஞ்சம் வர்றது சகஜம், பலமா வந்தா பிஸ்டன், ரிங் பக்கம் சந்தேகம். ஒரு சிலிண்டர்ல வால்வு பக்கம் காத்து ஓடினாலும் சரி, ஹெட் இறங்கித்தான் ஆகணும்.

இறக்கும்போது இன்ஜின் நல்லா ஆறியிருக்கணும். ஹெட் போல்ட்டை வெளி ஓரத்துலேர்ந்து நடுவை நோக்கி, கொஞ்சம் கொஞ்சமா தளர்த்தணும். அவசரப்பட்டு ஒரே மூலையைக் கழட்டினா, வளையாத ஹெட்டும் வளையும்.

இறக்கினதும் முதல்ல பிஸ்டன் தலையைப் பாருங்க. கரிக்கு நடுவுல பளபளன்னு பிறை மாதிரித் தடம் இருந்தா, அந்த சிலிண்டர்ல இடிச்சிருக்கு. தடம் மட்டும்னா பெரும்பாலும் பிரச்சனை இல்லை. விரிசலோ குழியோ இருந்தா பிஸ்டனும் செலவுல சேரும்.

அடுத்து ஹெட். கேம், ராக்கர் எல்லாத்தையும் எடுத்துடணும், அப்பத்தான் எல்லா வால்வும் ஸ்பிரிங் பலத்துல மூடியிருக்கும். இதைச் செய்யாம சோதிச்சா நல்ல வால்வும் ஒழுகுற மாதிரித் தெரியும். பிளக்கை மாட்டி, ஹெட்டைக் கவுத்து மட்டமா வெச்சு, ஒவ்வொரு குழியிலும் மண்ணெண்ணெய் ஊத்தி ஒரு பத்து நிமிஷம் விடுங்க. (பக்கத்துல யாரும் பீடி பத்தவைக்காம பார்த்துக்குங்க.) போர்ட் உள்ளே டார்ச் அடிச்சுப் பார்த்தா எது ஒழுகுதுன்னு தெரிஞ்சுடும். வளைஞ்ச வால்வு சடசடன்னு விடும். லேசாக் கசிஞ்சா அது பழைய சீட் தேய்மானமாவும் இருக்கலாம்.

கசியாத வால்வையும் கழட்டித்தான் பார்க்கணும். தண்டு தலைமுடி கனத்துக்கு வளைஞ்சிருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. கண்ணாடி மேல உருட்டிப் பாருங்க, தலை தள்ளாடினா அதை ஒதுக்கிடுங்க. லேத் பட்டறையில டயல் கேஜ் வெச்சு அளந்தா இன்னும் நல்லது. வளைஞ்ச வால்வை நிமித்திப் போடுறேன்னு யாராவது சொன்னா வண்டியை எடுத்துட்டு வந்துடுங்க. ஒரு தடவை வளைஞ்ச இரும்பு, ஓட்டத்துல தலை தனியா ஒடிஞ்சு விழுந்தா பிஸ்டனையும் சேர்த்துக் கெடுத்துடும்.

பலபேர் கோட்டை விடுறது வால்வு கைடுலதான். வால்வு பக்கவாட்டுல வளையும்போது, அந்த வேகம் முழுக்க கைடோட கீழ் வாய்லதான் விழும். அங்க கீறல் விட்டிருக்கும், இல்லைன்னா துளை அகண்டிருக்கும். புது வால்வை உள்ளே விட்டு, கொஞ்சம் தூக்கிப் பிடிச்சு, பக்கவாட்டுல ஆட்டிப் பாருங்க. நல்லா இருக்கிற கைடோட ஒப்பிட்டாலே வித்தியாசம் கைக்குத் தெரியும். கெட்ட கைடுல புது வால்வு போட்டா சீட்ல நேரா உக்காராது, ஆயிலும் இறங்கிப் புகை வரும். கைடு மாத்தினா சீட்டையும் திரும்ப வெட்டணும், ஏன்னா அதோட மையம் நகர்ந்திருக்கும். ரெண்டு சீட்டுக்கு நடுவுல இருக்கிற பாலத்துல விரிசல் இருக்கான்னு சாய மருந்து அடிச்சுப் பார்க்கச் சொல்லுங்க.

டீசல்ல கணக்கு வேற. டஸ்டர் இன்ஜின்ல வால்வு செங்குத்தா நிக்குது. பிஸ்டன் நேரா அடியில இடிக்கிறதால, வால்வு பார்க்க நேராவே இருக்கலாம். அடி மேல ஏறி டாப்பெட்டுக்கும் கேமுக்கும் போயிருக்கும். அங்க உடைஞ்சிருக்கான்னு பார்க்கணும். பிஸ்டன் உச்சிக்கு வரும்போது நாலோட உயரத்தையும் அளக்கணும். ஒண்ணு மட்டும் தாழ்ந்து நின்னா கனெக்டிங் ராட் வளைஞ்சிருக்கு.

ஹெட் மட்டமா இருக்கான்னு நேர்கோலும் ஃபீலர் கேஜும் வெச்சு நீளம், அகலம், குறுக்கு எல்லாப் பக்கமும் பாருங்க. பல அலுமினிய ஹெட்டுக்கு 0.05 மி.மீ.தான் எல்லை, உங்க வண்டிக்கு மேனுவல் சொல்றதை எடுத்துக்குங்க. வெறும் பெல்ட் அறுந்ததால ஹெட் வளையாது. ஆனா பல வண்டியில வாட்டர் பம்ப்பும் அதே பெல்ட்லதான் ஓடுது. பம்ப் இறுகி பெல்ட் போயிருந்தா, அதுக்கு முன்னாடி இன்ஜின் சூடேறியிருக்க வாய்ப்பு உண்டு.

அதனால அந்த நேயருக்கு என் பதில் இது: எந்த வால்வு மாத்தினாலும் பழசை உங்க கையில வாங்கிப் பாருங்க. பெல்ட் ஏன் அறுந்ததுன்னும் கேளுங்க. கேம் ஆயில் சீல் கசிவா, டென்ஷனரா, பம்ப்பா? பம்ப்பைக் கையால சுத்தும்போது கரகரன்னா, புது பெல்ட்டோட புது பம்ப்பும் போட்டுடச் சொல்லுங்க.