சேர்மனுக்கு ஓர் ஓட்டு

சென்னை மாகாணத்தின் பிரதமராக விளங்கிய ராமசாமி ரெட்டியாரைத் தந்த ஓமந்தூரைப் போல, திண்டிவனத்தைச் சுற்றியுள்ள கிராமம் எதிலாயினும் 2021 அக்டோபரில் வாக்குச் சாவடிக்குச் சென்ற குடியானவரின் கையில் நான்கு சீட்டுகள் கொடுக்கப்பட்டன. வார்டு உறுப்பினரையும் ஒன்றிய, மாவட்டக் கவுன்சிலர்களையும் மட்டுமன்றி, ஊராட்சித் தலைவரையும் அவரே முத்திரை குத்தித் தேர்ந்தெடுத்தார். நான்கு மாதம் கழித்து, 2022 பிப்ரவரி 19 அன்று, திண்டிவனம் நகரத்தாருக்கும் விழுப்புரத்தாருக்கும் கிடைத்ததோ ஒரே ஓட்டு. அவ்வோட்டினால் கவுன்சிலரான 33 பேர் திண்டிவனத்திலும், 42 பேர் விழுப்புரத்திலும் மார்ச் 4 அன்று கூடி, சேர்மன் இன்னார் என்று தமக்குள் தீர்மானித்தார்கள்.

கிராமத்தானுக்குள்ள பாத்தியதை நகரத்தானுக்கு ஏன் இல்லை? நகர ஸ்தல ஸ்தாபனங்களுக்கு அரசியல் சாசன அந்தஸ்து அளித்த 74-ஆவது திருத்தம், நகராட்சித் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் முறையை மாநிலச் சட்டமன்றத்தின் இஷ்டத்துக்கு விட்டுவிட்டது. ஆகவே 1996-இலும் 2001-இலும் மேயர்களையும் சேர்மன்களையும் ஜனங்களே நேரில் தேர்ந்தெடுத்தார்கள். 2006-இல் அவ்வுரிமை போயிற்று. 2011-இல் திரும்பி வந்தது. 2019 நவம்பரில் ஓர் அவசரச் சட்டத்தால் மறுபடியும் போயிற்று. ஆட்சிக்கு ஆட்சி மாறும் இதனைக் கொள்கை என்பதைவிடச் சௌகரியம் என்பதே பொருந்தும். 1996-இல் சென்னை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்த முதல் மேயரான ஸ்டாலின் முதலமைச்சராக இருக்கையிலேயே 2022-இன் மறைமுகத் தேர்தல் நடந்தது. கூட்டணிக் கட்சிகளுக்கு ஒதுக்கிய பதவிகளைத் தம் கட்சியினரே சில ஊர்களில் கைப்பற்றிவிட, அவர்களை ராஜிநாமா செய்யும்படி அவரே கட்டளையிட நேர்ந்தது.

நேரடித் தேர்தலுக்கும் ஆட்சேபம் உண்டு. சேர்மன் ஒரு கட்சி, பெரும்பான்மைக் கவுன்சிலர்கள் வேறு கட்சி என்றானால், குடிநீர்க் குழாய்த் தீர்மானம்கூட மன்றத்தில் முடங்கக்கூடும். அதனினும் பெரிய குறை, நகராட்சியின் நிர்வாக அதிகாரம் அரசாங்கம் நியமிக்கும் ஆணையரிடம் இருப்பதே. 2000 முதல் மேயரை நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் லண்டனிலோ, நகரப் போக்குவரத்தின் பொறுப்பையும் அவரிடமே ஒப்படைத்திருக்கிறார்கள். அதிகாரமில்லாத நாற்காலிக்கு ஊரே திரண்டு ஓட்டுப் போட்டாலும் சாக்கடை தானாக ஓடிவிடாது. ஆயினும், ஊருக்குப் பொறுப்பாளர் யார் என்பதை ஊராரே சொல்லும் முறையே உத்தமம் என்பது என் அபிப்பிராயம்.

இப்போதைய மன்றங்களின் ஐந்தாண்டுக் காலம் 2027-இல் முடிகிறது. ஓட்டுக் கேட்டு வாசலுக்கு வருகிறவரிடம், சேர்மனுக்குரிய எங்கள் ஓட்டு எங்கே ஐயா என்று விழுப்புரத்தாரும் திண்டிவனத்தாரும் தயங்காமல் கேட்கவேண்டும்.