சிவப்புக் கோடும் மேற்கோள் கணக்கும்

புதன்கிழமை கோலாலம்பூர் தாமான் கன்னாட் இரவுச் சந்தைக் கூட்டத்தில் இடிபட்டு வந்ததில் மறுநாள் தொண்டை கரகரத்தது. பழைய பழக்கத்தில் கோவிட் சோதனைப் பெட்டியைப் பிரித்தேன். சொட்டு விட்டதும் வெள்ளைத் தாளில் ஈரம் மெல்ல ஏறி, 'சி' எழுத்துக்கு நேரே ஒரு கோடு சிவந்தது. இந்தப் பெட்டிகள் பலவற்றில் அந்தச் சிவப்பு சாயமில்லை. தங்கம்.

பிரிக்ஃபீல்ட்ஸ் நகைக்கடையில் மஞ்சளாய் மின்னுகிற அதே தங்கம்தான். இங்கே சுமார் 40 நானோமீட்டர் உருண்டைகளாக இருக்கிறது. ஒரு தலைமுடியின் குறுக்கே ஏறக்குறைய இரண்டாயிரம் உருண்டைகளை அடுக்கிவிடலாம். உலோகத்துக்குள் கட்டில்லாமல் திரியும் எலக்ட்ரான்கள் இத்தனை சிறிய இடத்தில் அடைபட்டிருக்க, ஒளி வந்து மோதினால் தாம்பாளத்துத் தண்ணீர்போல் மொத்தமாக அலம்பும். அந்த அலம்பல் 520 நானோமீட்டரை ஒட்டிய பச்சை ஒளியின் அதிர்வோடு ஒத்துப்போகிறது. பச்சையைத் தங்கம் விழுங்கிவிட, கண்ணுக்கு மிஞ்சுவது சிவப்பு. உருண்டைகள் ஒட்டித் திரண்டால் நிறம் ஊதாவுக்கு நகரும். இந்த அலம்பலுக்குப் பிளாஸ்மான் என்று பெயர். அதைக் கொண்டு ஒளியை வசப்படுத்தும் துறை பிளாஸ்மானிக்ஸ்.

1857-இல் மைக்கேல் ஃபாரடே லண்டனில் இப்படிச் சிவந்த தங்கக் கரைசலைச் செய்து காட்டினார். சில புட்டிகள் இன்றும் அங்கே நிறம் மாறாமல் இருக்கின்றன. ஏன் சிவப்பு என்று கணக்குப் போட்டுச் சொன்னவர் ஜெர்மனியின் கிரைஃப்ஸ்வால்ட் நகரப் பேராசிரியர் குஸ்டாவ் மீ. ஆண்டு 1908.

கட்டுரை வெளிவந்தது. பெரிதாக யாரும் சீந்தவில்லை.

யார் எவ்வளவு சீந்தினார்கள் என்பதற்கு இப்போது கணக்கு இருக்கிறது. பல்கலைக்கழகம் இருக்கிற வட்டாரம் என்பதால் எங்கள் பக்கத்து மாமாக் கடை மேசைகளில் தே தாரிக்கோடு 'எச்-இண்டெக்ஸ்' பேச்சும் காதில் விழும். 2005-இல் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் கொடுத்த அளவுகோல் அது. ஒருவருடைய கட்டுரைகளில் இருபது, தலைக்கு இருபது தடவையாவது மற்றவர்களால் மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் அவருக்கு எச் 20. ஒரே கட்டுரை பத்தாயிரம் மேற்கோள் வாங்கி, மற்றதை யாரும் தொடாவிட்டால் எச் வெறும் 1. பதவி உயர்வுக்கு இதைப் பார்க்கிறார்கள். திருமணத்துக்கு ஜாதகம் பார்ப்பதைவிட இது மேல்தான், கொஞ்சம்.

மீயின் ஜாதகம் பல பத்தாண்டுகள் மோசமாகவே இருந்தது. அவருடைய சூத்திரம் நீண்டுகொண்டே போகும் தொடர். ஒரேயொரு உருண்டைக்குக் கையால் கணக்கிடுவதற்குள் பொழுது போய்விடும். கணினி வந்தபின் நிலைமை மாறியது. மேகத்துளி, புகை, தூசு ஆய்வாளர்கள் முதலில் தேடி வந்தார்கள், பிறகு நானோ ஆட்கள். இன்று மேற்கோள்கள் ஆயிரக்கணக்கில். மீ 1957-இலேயே இறந்துவிட்டார். இப்படி நெடுநாள் தூங்கி விழிக்கும் கட்டுரைகளை 'உறங்கும் அழகி' என்றார் லைடன் பல்கலைக்கழகத்தின் ஆந்தனி வான் ரான், 2004-இல்.

தாமஸ் எப்பெசன் என்ற ஆய்வாளரின் கதை இன்னொரு மாதிரி. 1989-இல் ஜப்பானில், ஒளியின் அலைநீளத்தைவிடச் சிறிய துளைகள் வரிசையாகப் போட்ட உலோகத் தகட்டில், கோட்பாடு அனுமதிப்பதைவிடப் பல மடங்கு வெளிச்சம் வெளியே வருவதைப் பார்த்தார். தகட்டின் மேற்பரப்புப் பிளாஸ்மான்கள்தான் ஒளியைத் துளைவழியே கடத்திவிட்டன என்று புரிந்து, 'நேச்சர்' இதழில் கட்டுரை வர 1998 ஆயிற்று. நடுவில் ஒன்பது ஆண்டுகள். அந்தக் கண்டுபிடிப்பின் கணக்கில் அதுவரை பூஜ்யம்.

எண்ணிக்கை பொய் சொல்வதில்லை; ஆனால் அது கட்டுரையைவிட ஊரைப் பற்றித்தான் அதிகம் சொல்கிறது. ஊரிடம் கருவி இருந்ததா, தேவை வந்ததா என்று. ஊர் முழுக்கப் பழகிய பிறகோ பெயரும் தேவைப்படாது. என் பெட்டிக்குள் இருந்த வழிமுறைத் தாளை இருபுறமும் புரட்டினேன். மீ இல்லை, ஃபாரடேயும் இல்லை. பதினைந்து நிமிடம் காத்திருக்கச் சொல்லியிருந்தது. 'டி'க்கு நேரே கோடு எதுவும் வரவில்லை.